வலை அதே வலைதானா?

புதுச்சேரியின் கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடல் தொழில் செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்: "தத்துவம் படிக்க ஆசையா இருக்குண்ணே. கடலுக்குப் போய்ட்டு வந்து புத்தகத்தைத் திறந்தா ரெண்டாவது வரியிலேயே கண்ணு சொக்குது. நமக்கு இதெல்லாம் ஒத்து வருமா?"

வரும் தம்பி. டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

கண் சொக்குவது புத்தியின் குறை இல்லை, உடம்பின் அலுப்பு. படிப்புக்கு முதல் தேவை ஓய்வு. அந்த ஓய்வுக்காக நம் புதுச்சேரியில் உயிரே போயிருக்கிறது. எட்டு மணி நேர வேலை கேட்டு வ. சுப்பையா தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. கடலுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அதனால் முதலில் தூங்குங்கள். எழுந்ததும் ஒரே ஒரு பக்கம் படியுங்கள்.

அடுத்தது, கையும் மனசும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசில் கப்ரியேல் கோனி என்று ஒரு தச்சர் இருந்தார். வீடுகளுக்கு மரத்தரை பதிப்பது அவர் வேலை. மேஸ்திரி தலைமேல் நிற்காத வேலை என்பதால், கை ஓடும்போதே யோசித்தார், யோசித்ததை எழுதினார். தத்துவ அறிஞர் ழாக் ரான்சியேர் அந்த எழுத்துகளைத் தேடியெடுத்துப் பின்னாளில் வெளியிட்டார்.

உங்களுக்கு அப்படிப்பட்ட வேலை வலையைச் சரிசெய்வது. கடலில் கவனம் முழுக்கத் தண்ணீரில் இருக்கட்டும், கரையில் யோசிக்கலாம். கிழிந்த கண்ணியை வெட்டிவிட்டு, ஊசியில் நூல் ஏற்றி, முடிச்சு முடிச்சாகப் போடுகிறீர்கள். இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதி. எல்லாக் கண்ணியும் மாறிய பிறகும் "நம்ம பழைய வலை" என்கிறீர்கள். அது அதே வலைதானா?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. பலகை பலகையாக மாற்றிய கப்பலை வைத்துக் கிரேக்கர்கள் இதைக் கேட்டார்கள். சக்கரம், அச்சு என்று பிரித்துவிட்டால் தேர் எங்கே என்று மிலிந்த மன்னனிடம் கேட்டார் பௌத்தத் துறவி நாகசேனர். உறுப்புகள் சேர்ந்தால் முழுமை என்ற தனிப்பொருள் பிறக்கிறது என்று நியாயத் தத்துவ மரபினர் பௌத்தர்களோடு வாதாடினார்கள். நம் மணிமேகலையில் 27ஆம் காதை முழுக்கப் பல சமயவாதிகள் தத்தம் கொள்கையைச் சொல்வதுதான். உரையோடு, நாளுக்கு ஒரு வாதியாகப் படியுங்கள்.

ஒரு கேள்வி, ஒரு பக்கம், பேச ஒரு ஆள். இந்த மூன்றும் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கனகசெட்டிக்குளம் தொடங்கி மூர்த்திக்குப்பம் வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வருமானம் இல்லாத, வலை வேலை மிகுந்த நாட்கள் அவை. பக்கத்தில் இருப்பவரிடம் அப்போது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலை மறுக்க ஒரு காரணம் தேடுகிறீர்களே, அந்த இடத்தில் நீங்கள் தத்துவம் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.