பழைய லோரியின் கூரைக் காடியும் மழைநீரும்



கிள்ளானில் காய்கறி ஏற்றிச் செல்லும் நண்பர் ஒருவர், ஒரு மழைக்காலத்தில் என்னிடம் வந்து, "அண்ணே, முன் கண்ணாடி ரப்பரை ரெண்டு தடவை மாத்திட்டேன். இன்னும் காலடியில தண்ணி நிக்குது" என்று முறையிட்டார். அவரது சிறிய லோரிக்கு வயது முப்பதுக்கு மேல். வேறு வண்டி வாங்கும் நிலையிலும் அவர் இல்லை. ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். பிரேக் மிதிக்கு அருகில் இருந்த தகரம், விரலால் அழுத்தினாலே பொடிந்து விழுந்தது. இத்தனைக்கும் காரணம் கண்ணாடி அன்று; அவர் தலைக்கு மேலே, கூரையின் ஓரத்தில் இருந்த ஒரு மயிரிழை வெடிப்புதான்.

பழைய வண்டிகளில் கதவுக்கு மேலே, கூரையின் இரு பக்கமும், சிறு வாய்க்கால் போல ஒரு தகரக் காடி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1972 முதல் 1979 வரை உற்பத்தியான டாட்சன் 620 பிக்கப்பிலும், அதே காலத்து டொயோட்டா ஹைலக்ஸிலும் இதைத் தெளிவாகக் காணலாம். கூரையில் விழும் மழை, கதவைத் திறப்பவர் தோளில் கொட்டாமல் முன்னும் பின்னும் வழிந்தோடுவதற்காக ஏற்பட்டது இது. இந்தக் காடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கூரைத் தகரமும் பக்கத் தகரமும் ஒன்றுசேரும் இடமே இதுதான். இரண்டு விளிம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடைவெளி விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருப்பார்கள். ஒரு புள்ளிக்கும் மறு புள்ளிக்கும் நடுவே தண்ணீர் புகச் சந்து இருக்கிறது அல்லவா? அதை அடைப்பதற்காகத் தொழிற்சாலையில் ஒருவகை பிளாஸ்டிக் பசையைப் பூசிச் சூளை வெப்பத்தில் இறுகச் செய்வார்கள். சீலர் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

புதிதாக இருக்கும்போது சீலர் ரப்பர் போல வளைந்து கொடுக்கும். ஆண்டுகள் ஆக ஆக, அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெளியேறிவிடும். வெயில் அதை மேலும் உலர்த்தும். நம் வட்டாரத்து வானிலையோ இதற்குப் பெரும் சோதனை. நண்பகலில் கூரைத் தகரம் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. நான்கு மணிக்கு இடிமழை கொட்டி, சில நிமிடங்களில் குளிர்ந்துவிடுகிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள எஃகுத் தகரம், 40 டிகிரி செல்சியஸ் வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நாள்தோறும் இப்படி இழுபட்டால், காய்ந்து போன பசை வெடிக்காமல் என்ன செய்யும்?

வெடிப்பு மிக மெல்லியதாக இருப்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, மெல்லிய வெடிப்பு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன நீர் எளிதில் உலர்வதில்லை. அது துருவை உண்டாக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பசையை அடியிலிருந்து அதுவே நெம்பித் தூக்கிவிடும். போர்ட் கிள்ளான் பக்கம், கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வெடிப்பின் மேலேயே புதிய பசையைப் பிதுக்கிவிடுகிறார்கள். ஒரு மாதம் ஒழுகல் நிற்கும். அடியில் அடைபட்ட ஈரமோ தன் வேலையைத் தொடரும். குளியலறைக்குப் பயன்படும் சிலிக்கோன் பசையைத் தடவுகிறவர்களும் உண்டு. அவற்றில் புளிக்காடி வாடை வீசும் வகை, உலரும்போது அமிலத்தை வெளியிட்டு இரும்பை அரிக்கும். அதன்மேல் சாயமும் ஒட்டாது. தார் பூசுவதும் வெயிலில் இளகி, ஈரத்தை மூடி மறைக்கத்தான் உதவும்.

முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் சொட்டும் இடமும் அது புகும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. கூரையில் புகுந்து, தூணுக்குள் இறங்கி, காலடியில் வந்து நிற்கும். உட்கூரைத் துணியை ஓரத்தில் கழற்றி, ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமரட்டும். மற்றவர் குவளையால் காடியில் மெல்லத் தண்ணீர் ஊற்றட்டும். தாழ்ந்த முனையில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே போக வேண்டும். அவசரப்பட்டுக் குழாயைத் திருப்பிவிட்டால் எல்லா இடமும் நனைந்து, ஒன்றும் தெரியாமல் போகும். நண்பரின் லோரியில், ஓட்டுநர் கதவுக்கு மேலே ஒரு சாண் நீளத்தில் ஐந்து இடங்களில் நீர் கசிந்தது.

பிறகு பழைய பசையை எடுக்க வேண்டும். வெடித்த இடத்தை மட்டுமல்ல, இரு பக்கமும் நன்றாக ஒட்டியிருக்கும் பகுதி வரும்வரை எடுப்பது அவசியம். சூடான காற்றால் இளக்கி, மரத்தாலோ கடின பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியால் எடுக்கலாம். தீச்சுவாலையைக் காட்டவே கூடாது. இந்தப் பிளாஸ்டிக் எரிந்தால் நச்சு வாயு கிளம்பும், உட்கூரைத் துணியும் தீப்பற்றும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பதும், முகமூடி அணிவதும் நல்லது.

தகரம் வெளிப்பட்டதும் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தெடுங்கள். ஒரு பழைய திருப்புளியின் முனையால் ஆங்காங்கே அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் பசை வேலை அங்கே முடிந்தது. அந்தத் துண்டை வெட்டிப் புதுத் தகரம் பற்றவைக்கப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கூரையைத் தூண்களோடு பிணைக்கும் இடம் இது, புட்டியால் மூடி ஏமாறுவதற்கில்லை.

தகரம் உறுதியாக இருந்து, குழிகளில் மட்டும் துரு தங்கியிருந்தால், துருவை மாற்றும் திரவம் பூசலாம். இவற்றில் ஒருவகை டானின் கலந்தது. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சினார்களே, அந்த மையில் நடந்ததும் இதே இரசாயன வேலைதான்: டானின் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. கறுத்த இடம் நன்றாக உலர்ந்தபின், டப்பாவில் சொன்னபடி சுத்தம் செய்து, எபோக்சி பிரைமர் பூசுங்கள். துருத் திரவத்தின் அமிலம் மிச்சமிருந்தால் பிரைமர் பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம்.

புதிய சீலருக்கு வண்டிச் சாயக் கடையில், மேலே சாயம் பூசத்தக்க பாலியுரித்தேன் வகையைக் கேட்டு வாங்குங்கள். காடியின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பசையை இட்டு, கையுறை அணிந்த விரலால் சந்துக்குள் அழுத்தி வழித்துவிடுங்கள். பசை தோல் கட்டுமுன் டேப்பை எடுத்துவிட வேண்டும். காடியை முழுவதும் நிரப்பிவிடாதீர்கள். நிரப்பினால் மழைநீர் ஓட வழியில்லாமல் கதவின் மேல் வழியும். இரு முனைகளிலும் நீர் வெளியேறும் வாயை ஒரு குச்சியால் திறந்து பாருங்கள்.

இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஆயினும் மழைத்துளி நேரே படக்கூடாது. காலையில் தொடங்குங்கள், பிற்பகலில் வண்டி ஒரு கூரையின் கீழ் நிற்கட்டும். டப்பாவில் குறித்த நேரம் கழித்துச் சாயம் பூசுங்கள். வெயிலிலிருந்து பசையைக் காப்பது அந்தச் சாயமே. உட்கூரைத் துணியை உடனே மாட்டிவிட வேண்டாம். இரண்டு பெருமழை போகட்டும். அதன்பின் தூணின் அடியில் ஒரு காகிதத்தைச் செருகி எடுத்துப் பாருங்கள்.

நண்பர் அப்படித்தான் செய்தார். முதல் மழையில் காகிதத்தின் ஒரு முனை நனைந்திருந்தது. பின்பக்க மூலையில் ஓர் அங்குலம் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. மறுநாள் காலை, காய்கறி இறக்கிவிட்டு வந்து அதையும் அடைத்தார்.