உடைந்த லேப்டாப்பை எடைக்குப் போடும் முன் யோசியுங்கள்!

அமராவதி நகர் (திருப்பூர்),

பனியன் கம்பெனி கணக்குப்பிள்ளையின் லேப்டாப் கீழே விழுந்து திரை நொறுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "இனி என்னங்க, எடைக்குப் போட்டுற வேண்டியதுதான்" என்பார்.

பொறுங்கள்! உள்ளே இருப்பது கம்பெனியின் கணக்கு.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தை தொடங்கியது. லட்சக்கணக்கான மாணவ-மாணவிகள் பெற்றனர். அதில் ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கிறதா? இது உங்களுக்கும்தான்.

எது உதவும்?

சாட்டா ரக ஹார்டு டிஸ்க் என்றால் கழற்றி டெஸ்க்டாப்பில் மாட்டலாம். இரண்டுக்கும் இணைப்பு ஒன்றுதான். லேப்டாப் டிஸ்க் 2.5 அங்குலம். டெஸ்க்டாப்பில் 3.5 அங்குல இடம். நடுவே ஒரு தகட்டுச் சட்டம் போட்டால் கச்சிதமாக உட்காரும். டிஸ்க் அடிபடாமல் இருந்தால் பில், ஆர்டர், குழந்தை போட்டோ எல்லாம் கிடைத்துவிடும்.

எது உதவாது?

ரேம் பொருந்தாது. டெஸ்க்டாப் ரேமில் ஏறக்குறைய பாதி நீளம்தான். திரை நன்றாக இருந்தாலும் தனி போர்டு இல்லாமல் ஓடாது.

உஷார்!

உப்பிய பேட்டரியை நோண்டாதீர்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

டிஸ்கோடு எடைக்குப் போட்டால்? அழித்த கணக்கையும் மீட்க வழி இருக்கிறது. சொற்பக் காசுக்கு கம்பெனி ரகசியமே கைமாறிவிடும்.

தராசில் வைக்கும் முன் திருப்புளியை எடுங்கள்!