கழித்தால் கூடும் கணக்கு

கடதாசி விளையாட்டு என்றதும் எங்கள் தாய்மார்களின் மனதில் முதலில் எழுவது சூதாட்டம் பற்றிய அச்சமாகும். அந்த அச்சம் நியாயமானதே. எனினும் பந்தயமோ பணமோ இன்றி, சிந்தனையை மாத்திரம் முதலாகக் கொண்டு ஆடப்படும் அட்டை விளையாட்டுகளும் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் 'டொமினியன்'. டொனால்ட் எக்ஸ். வக்கரினோ என்பவர் அமைத்த இவ்விளையாட்டு 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. மறு ஆண்டே ஜேர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதையும் பெற்றது.

ஒவ்வொருவரும் 10 அட்டைகளுடன் ஆரம்பிப்பர். 7 செப்புக் காசுகள், 3 காணிகள். செம்பின் பெறுமதி 1. காணிக்கு ஆட்ட முடிவில் ஒரு புள்ளி கிடைக்கும். இடையில் அதனால் எதையும் வாங்க முடியாது. ஒவ்வொரு முறையும் 5 அட்டைகள் கைக்கு வரும். செயல் அட்டை ஒன்றைப் பாவித்து, பின்னர் கையிலுள்ள காசுக்குப் புதிய அட்டை ஒன்றை வாங்கலாம். பாவித்தவையும் வாங்கியவையும் ஒருபுறம் சேரும். கட்டு தீர்ந்ததும் அவற்றைக் கலைத்து மீண்டும் எடுப்பர். 8 காசு கொடுத்து வாங்கும் 'மாகாணம்' 6 புள்ளி தரும். வெற்றி பெரும்பாலும் அதில்தான் தங்கியுள்ளது.

இவ்விளையாட்டில் 'சேப்பல்' என்றொரு அட்டை உண்டு. விலை 2 காசு மாத்திரமே. அது காசு தராது, புள்ளி தராது, புதிய அட்டையும் தராது. கையிலுள்ள அட்டைகளில் நான்கு வரை ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடலாம் என்பதே அதன் பணி. நீக்கியவை திரும்பி வருவதில்லை. புதிதாக ஆடுபவர், 'உள்ளதையும் இழப்பதா?' என்று இதனை ஒதுக்கிவிடுவார். அனுபவசாலியோ முதலில் இதனையே தேடுவார்.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் முதல் இரு முறையிலும் 2 பெறுமதியுள்ள வெள்ளி வாங்குகிறார். அவரிடம் 12 அட்டைகள், 11 காசு. ஒரு கைக்குச் சராசரி ஏறத்தாழ நாலரைக் காசு. மற்றவர் ஒரு வெள்ளியும் ஒரு சேப்பலும் வாங்குகிறார். சேப்பல் கைக்கு வரும்போது 3 காணிகளும் ஒரு செம்பும் உடன் வந்தால், நான்கையும் நீக்கிவிடுகிறார். எஞ்சியவை 8 அட்டைகள், 8 காசு. சராசரி ஐந்து! மொத்தக் காசு குறைந்தும், கைக்கு வரும் காசு கூடியுள்ளது. கட்டு சிறுத்ததால் நல்ல அட்டைகள் விரைவாகவும் திரும்பி வருகின்றன. 3 பெறுமதியுள்ள பொன் இரண்டும் ஒரு வெள்ளியும் ஒரே கையில் சேர்ந்தால் ஒரு மாகாணத்துக்குப் போதும்.

ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதல்ல. மேற்சொன்ன முறையில் அவர் எதையும் வாங்கவில்லை. காணிகளின் மூன்று புள்ளிகளும் போய்விட்டன. செம்பை அளவு மீறிக் கழித்தால் வெள்ளி வாங்கவும் காசு இராது. மேலும், வேலை முடிந்தபின் சேப்பலே கையில் ஒரு சுமையாகும். பாவிக்கும்போது அது கையில் இல்லாமல் மேசையில் இருப்பதால், தன்னைத்தானே நீக்கவும் அதனால் இயலாது. வாங்கிய மாகாணங்களும் கடைசிவரை காசு தராமல் கையை அடைத்துக்கொள்ளும். எனவே எதைக் கழிப்பது என்பதைப் போலவே, எப்போது நிறுத்துவது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சிறு பிள்ளைகள் ஒரு காணியைக்கூட விட மனமின்றி இறுகப் பிடித்துக்கொள்வார்கள். தாயொருத்தி உடனிருந்து ஆடினால், 'அதை விடு' என்று கட்டளையிட வேண்டியதில்லை. "இது அடுத்த கையிலும் வந்தால் எதை வாங்குவாய், மகன்?" என்று கேட்டாற் போதும். பிள்ளை விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும். சேர்ப்பதெல்லாம் செல்வமல்ல என்பதைச் சொல்லிக் கேட்பதைவிட, தானே எண்ணிக் கண்ட பிள்ளை நீண்ட காலம் நினைவில் வைத்திருக்கும்.