இயல்புக் காட்சிகளும் மூளையின் பார்வை மண்டலமும்: மாத்தூர்ச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

அன்றாட உலகக் காட்சிகளை மனித மூளையின் பார்வை மண்டலம் எவ்வாறு உள்வாங்கிப் பொருள்கொள்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வடசென்னையின் மாத்தூர்ச் சூழலும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனின் நிழற்சாயல் ஆய்வும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகின்றன. இத்துறையின் தமிழ்க் கலைச்சொல் குறித்தும், ஆய்வுக்குப் பயன்படும் படத்தொகுப்புகள் குறித்தும் இரு கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பார்வைப் புறணி, இயல்புக் காட்சி, சிக்கனக் குறியீடு, காட்சிச் சாரம், நிழற்சாயல்.

முன்னுரை

மணலிக்கும் மாதவரத்துக்கும் அருகே அமைந்துள்ள மாத்தூரில் ஒருவர் சாலையோரம் நின்று பார்க்கிறார் எனக் கொள்வோம். அடுக்குமாடி வீடுகள், சரக்குப் பெட்டக லாரிகள், மின்கம்பிகள், தொலைவில் ஆலைப் புகைபோக்கிகள், இவற்றுக்கிடையே ஏரிநீரும் வானமும் அவர் கண்ணில் படுகின்றன. இத்தனையையும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ‘இன்ன இடம்’ என அவர் உணர்ந்துவிடுகிறார். இவ்வுணர்வு எவ்வாறு நிகழ்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் வினாவாகும்.

ஆங்கில ஆய்வுலகின் கலைச்சொல்லை நாம் ‘இயற்கைக் காட்சி’ எனப் பெயர்த்து வருகிறோம். இச்சொல் மலை, அருவி, வயல் ஆகியவற்றையே நினைவூட்டும். ஆய்வாளர் கருதுவதோ, ஆய்வுக்கூடத்தில் வரையப்பட்ட கோடு, புள்ளி போன்ற எளிய தூண்டல்களுக்கு மாறாக, உலகில் உள்ளவாறே காணப்படும் காட்சியாகும். அடுக்களையும் கடைத்தெருவும் இதில் அடங்கும். எனவே ‘இயல்புக் காட்சி’ என்பதே பொருத்தமான சொல் எனக் கருதி இக்கட்டுரை அதனை ஆள்கிறது.

விழித்திரையிலிருந்து புறணி வரை

ஒவ்வொரு விழித்திரையிலும் ஏறத்தாழ 12 கோடி கோல் செல்களும் 60 இலட்சம் கூம்பு செல்களும் உள்ளன. ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் இருப்பவை ஏறத்தாழ 10 இலட்சம் இழைகளே. ஆகவே சுருக்கம் கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. விழித்திரைச் செல்கள் ஒளியின் அளவைக் காட்டிலும் அடுத்தடுத்த இடங்களுக்கிடையேயான ஒளி வேறுபாட்டையே முதன்மையாக அனுப்புகின்றன. தலாமசின் வழியாக இச்செய்தி பிடரி மடலிலுள்ள முதன்மைப் பார்வைப் புறணியை அடைகிறது. அங்குள்ள செல்கள் குறிப்பிட்ட சாய்வுடைய விளிம்புகளுக்கே மிகுதியாகத் துலங்குகின்றன என்பதை ஹியூபெல், வீசல் ஆகிய இருவரும் 1959இல் பூனைகளிடம் கண்டறிந்தனர். இவ்வாய்வுகளுக்காக 1981இல் நோபல் பரிசு பெற்றனர்.

விளிம்புகளுக்கு இத்தனை முதன்மை ஏன்? இயல்புக் காட்சிகளின் அமைப்பே இதற்கு விடை தருகிறது. வானத்தின் ஒரு புள்ளியை அறிந்தால் அதன் அண்டைப் புள்ளியைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். புகைபோக்கியின் ஓரத்தில்தான் ஊகம் பொய்க்கும். மிகைச்செய்தியைக் குறைப்பதே புலன்களின் பணி என்னும் சிக்கனக் குறியீட்டுக் கொள்கையை ஹோரஸ் பார்லோ 1961இல் முன்வைத்தார். 1996இல் ஓல்ஷாசன், ஃபீல்டு ஆகியோர், காட்சிப் படங்களை மிகக் குறைந்த அலகுகளைக் கொண்டு குறிக்குமாறு ஒரு கணினிநிரலைப் பயிற்றினர். அந்நிரல் தானாகக் கற்ற அலகுகள் பார்வைப் புறணியின் எளிய செல்களை ஒத்திருந்தன. உலகின் அமைப்புக்கு ஏற்பவே மூளையின் அமைப்பும் உருவாகியுள்ளது என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

காட்சிச் சாரம்

தார்ப்பும் உடன் ஆய்வாளரும் 1996இல் நிகழ்த்திய சோதனையில் படங்கள் 20 மில்லிவிநாடியே காட்டப்பட்டன. அவற்றில் விலங்கு உண்டா, இல்லையா என்னும் வேறுபாடு ஏறத்தாழ 150 மில்லிவிநாடியில் மூளையின் மின்னலைகளில் வெளிப்பட்டது. 1998இல் எப்ஸ்டீன், கான்விஷர் ஆகியோர், இடங்களைக் காணும்போது சிறப்பாகத் துலங்கும் பகுதியொன்றை மூளையின் ஹிப்போகாம்பசை ஒட்டிக் கண்டறிந்தனர். அறைகலன் நிறைந்த அறைக்கும் வெற்றறைக்கும் அது ஒத்த அளவில் துலங்கியது. அதாவது, பொருள்களைக் காட்டிலும் வெளியின் அமைப்பே அப்பகுதிக்கு முதன்மையானது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், மரமும் விலங்கும் முதலியவற்றைக் கருப்பொருளாகவும் பகுக்கும் தொல்காப்பிய மரபு தமிழாய்வாளருக்கு இங்கு நினைவுக்கு வரலாம். இதனை நரம்பியலின் முன்னறிவிப்பு எனக் கொள்வது பிழையாகும். இலக்கியப் பகுப்பும் மூளையின் பகுப்பும் வெவ்வேறு வினாக்களுக்கு விடையாக எழுந்தவை.

ஒளி மேலிருந்து வருகிறது

மாத்தூருக்குத் தெற்கே, வடசென்னையிலேயே அமைந்துள்ளது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. அங்கு மருத்துவம் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற இராமச்சந்திரன், நிழற்சாயலிலிருந்து உருவத்தை உணர்தல் குறித்த தம் ஆய்வினை 1988இல் வெளியிட்டார். மேற்பகுதி ஒளிர்ந்து கீழ்ப்பகுதி இருண்ட வட்டம் மேடாகத் தோன்றும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே குழியாகத் தோன்றும். ஒளி மேலிருந்து வருகிறது என்றும், ஒரே மூலத்திலிருந்து வருகிறது என்றும் மூளை முன்கூட்டியே கொள்வதே இதற்குக் காரணம். பார்ப்பவர் தம் தலையைக் கவிழ்த்தாலும் தோற்றம் மாறுவதால், ‘மேல்’ என்பது புவியீர்ப்பைச் சாராமல் விழித்திரையைச் சார்ந்தே கணிக்கப்படுகிறது.

இவ்விதியை ஏய்க்கும் உயிர்களும் உண்டு. காசிமேட்டுத் துறைமுகத்தில் இறங்கும் வஞ்சிர மீனின் முதுகு கருநீலமாகவும் வயிறு வெண்மையாகவும் இருப்பதைக் காணலாம். மேலொளியால் உண்டாகும் சாயலை இவ்வண்ண அமைப்பு ஈடுசெய்து உடலின் திரட்சியை மறைக்கும் என்பதை அபட் தேயர் 1896இல் விளக்கினார்.

இவ்விதி பொய்க்கும் சூழலையும் இப்பகுதிச் சாலைகளே காட்டுகின்றன. இரவில் வாகனத்தின் முகப்பொளி ஏறத்தாழக் கிடைமட்டமாக விழுகிறது. சாலைக் குழியின் அப்பாலுள்ள சுவர் ஒளிபெற, ஓட்டுநரை அடுத்துள்ள சுவர் இருளில் கிடக்கும். விழியில் விழும் உருவில் மேற்பகுதி ஒளிர்ந்து கீழ்ப்பகுதி இருளும். இது மேட்டுக்குரிய சாயலே. ஆகவே குழியை மேடாக மயங்கும் வாய்ப்பு இரவில் மிகும் எனக் கருத இடமுண்டு. லாரிகள் மிகுந்த இச்சாலைகளில் சோதித்தறியத்தக்க கருதுகோள் இது.

யாருடைய இயல்பு?

2022இல் வெளியான பெரும் தரவுத்தொகுப்பொன்றில், எட்டுப் பேர் பல்லாயிரம் காட்சிப் படங்களைக் காணும்போது அவர்களின் மூளைத் துலங்கல் 7 டெஸ்லா காந்த வருடியில் பதிவுசெய்யப்பட்டது. அப்படங்கள் ‘கோகோ’ எனப்படும் பொதுத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. இத்தகைய தொகுப்புகளில் வட அமெரிக்க, ஐரோப்பியப் படங்களே மிகுதி என்பதை 2019இல் வெளியான ஆய்வொன்று சுட்டியது. விளிம்பையும் சாயலையும் உணரும் அடிப்படை நிலைகளுக்கு இதனால் பெரும் வேறுபாடு நேராது எனலாம். ஆனால் ‘இது எவ்வகை இடம்’ என அறியும் உயர்நிலைகள் பழக்கத்தைச் சார்ந்தவை. ஏரிக்கரையில் குடியிருப்பும் அதனருகே ஆலையும் அமைந்த காட்சி மாத்தூர்வாசிக்கு அன்றாடம். பிறர்க்கு அது முரண்.

முடிவுரை

பார்வை மண்டலம் உலகைப் படியெடுக்கும் கருவியன்று. உலகின் ஒழுங்குகளை முன்னரே கொண்டு, அவற்றினின்று விலகுவனவற்றைக் கவனிக்கும் அமைப்பாகும். ஆதலால் எந்த உலகின் ஒழுங்குகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன என்பது இன்றியமையாத வினாவாகிறது. தமிழகச் சூழல்களின் படத்தொகுப்பை உருவாக்குவதும், ‘இயல்புக் காட்சி’ போன்ற தெளிவான கலைச்சொற்களை நிலைபெறச் செய்வதும் தமிழ், உளவியல், கணினித் துறையினர் கூடி ஆற்றத்தக்க பணிகளாகும்.