வீட்டுக்குள் கோல்ப் ஆட்டம்!
விரிப்பு வாங்கும் முன் அழுத்திப் பாருங்கள்

பாய் வாங்குவது நமக்குப் புதிது அல்ல.

பத்தமடைப் பாய் என்றால் விரலால் தடவிப் பார்ப்போம். கோரைப் பாய் என்றால் விரித்துப் போட்டு, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்போம். தென்னை நார் கால்மிதி என்றால் தட்டிப் பார்ப்போம்.

இப்போது இன்னொரு பாய் வந்திருக்கிறது. பச்சைப் பசேல் என்று புல்தரை போல இருக்கிறது. அதில் படுக்க முடியாது. பந்தி போட முடியாது. பந்து அடிக்க மட்டுமே அது பயன்படும்.

அதுதான் கோல்ப் பயிற்சி விரிப்பு.

இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்து ஏமாந்து விடுகிறார்கள். புல் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இல்லை. அதன் பலனை மணிக்கட்டு அனுபவிக்கிறது!

என்ன ஆட்டம் இது?

கோல்ப், ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்த ஆட்டம். 1457-ம் ஆண்டிலேயே அந்த நாட்டு மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் இதற்குத் தடை போட்டார். இளைஞர்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்து அடிக்கப் போய் விட்டார்களாம்!

இந்தியாவுக்கும் இது நெடுநாள் உறவு. கல்கத்தாவில் 1829-ம் ஆண்டிலேயே கோல்ப் சங்கம் ஏற்பட்டது. நம் கொடைக்கானலில் 1895-ல் தொடங்கியது. டோக்கியோ ஒலிம்பிக் போட்டி 2021-ல் நடந்தபோது, பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் நாலாவது இடம் பெற்றார். ஒரு படி தவறிப் பதக்கம் போயிற்று. அன்று அதிகாலையில் எழுந்து, ஆட்டம் புரியாமலே டெலிவிஷன் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆட்டம் இதுதான்: ஒரு சிறு பந்தை நீண்ட மட்டையால் அடித்துக் கொண்டே போய், தூரத்தில் உள்ள குழியில் போட வேண்டும். குழியின் வாய் நாலேகால் அங்குல அகலம். இப்படிப் பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் முடிக்கிறவர் வென்றவர்.

இதற்கு ஏக்கர் கணக்கில் புல்வெளி வேண்டும். எல்லோருக்கும் அது கிடைக்குமா? கிடைக்காதவர்களுக்காக வந்ததுதான் விரிப்பு.

தரை மாறினால் ஆட்டம் மாறும்

செயற்கைப் புல் அமெரிக்காவில் பிறந்தது. 1964-ல் ஒரு பள்ளிக்கூடத்தில் அதை விரித்தார்கள். 1966-ல் ஹூஸ்டன் நகரத்தில், கூரை போட்ட பெரிய விளையாட்டு அரங்கில் விரித்தார்கள். கூரைக்கு அடியில் உண்மைப் புல் வளரவில்லை. அதனால் நைலான் புல் வந்தது.

"ஏதோ ஒரு தரை, இதில் என்ன இருக்கிறது?" என்று நினைக்க வேண்டாம்.

ஹாக்கியில் நமக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் போட்டியில் முதல் முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தது. தங்கம் தங்கமாக வாங்கிய இந்தியா ஏழாவது இடத்துக்குப் போயிற்று. பிறகு 1980-ல் மாஸ்கோவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த பாஸ்கரன் தலைமையில் மீண்டும் தங்கம் வாங்கியது.

ஆடுகிறவர்களுக்குத் தரை எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்தே தெரிந்து கொள்ளலாம்.

நாட்டரசன்கோட்டை வீடு

நம் ஊர் வீட்டுக்கு வருவோம்.

சிவகங்கைச் சீமையில் உள்ள நாட்டரசன்கோட்டை, கண்ணுடைய நாயகி அம்மன் கோவிலால் பெயர் பெற்ற ஊர். கம்பர் சமாதி இருப்பதும் இங்கேதான். நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. இந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் வெளிநாடுகளில் வேலை பார்க்கிறார்கள். விசேஷத்துக்கு ஊர் வரும்போது, பெட்டியோடு கோல்ப் பையும் வந்து இறங்கலாம்.

ஊரில் கோல்ப் மைதானம் இல்லை. ஆனால் வீட்டில் முற்றம் இருக்கிறது. முற்றத்தைச் சுற்றி நீளமான தாழ்வாரம் இருக்கிறது. "இங்கேயே பழகலாமே!" என்று தோன்றும்.

பழகலாம். ஆனால் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று, தரை. பல வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் வைத்துக் கையாலேயே செய்கிற கல் அது. சூளையில் சுடுவது இல்லை. தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். இரும்பு மட்டை பட்டால் சில்லுப் பெயர்ந்து விடும். பழைய பூவுக்குப் பூப்பொருத்தமாகப் புதுக்கல் கிடைப்பது எளிது அல்ல.

இரண்டு, தூண். ஒரு கோல்ப் மட்டை நாலு அடி வரை நீளம் இருக்கும். கையையும் சேர்த்துச் சுழற்றினால் எவ்வளவு இடம் வேண்டும்! பர்மாத் தேக்குத் தூணில் மட்டை மோதினால், தூணுக்கும் கேடு, தோளுக்கும் கேடு.

மூன்று, ஆட்கள். விசேஷ வீட்டில் குழந்தைகள் எந்தப் பக்கமிருந்து ஓடி வரும் என்று சொல்ல முடியாது.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

இரண்டு வகை உண்டு

கோல்ப் விரிப்பில் முக்கியமாக இரண்டு வகை.

முதல் வகை உருட்டும் விரிப்பு. ஓர் அடி அகலம், எட்டு அல்லது பத்து அடி நீளம் இருக்கும். சுருட்டி வைக்கலாம். பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் உருட்டப் பழகுவதற்கு இது.

இரண்டாவது வகை அடிக்கும் விரிப்பு. கனமாக இருக்கும். மட்டையை ஓங்கி வீசி அடித்துப் பழகுவதற்கு இது.

வீட்டுக்கு எது நல்லது?

ஒரு கணக்கைப் பாருங்கள். வழக்கமாகப் பதினெட்டுக் குழி மைதானத்தில், நன்றாக ஆடுகிறவருக்கு 72 அடிகள் என்று கணக்கு வைக்கிறார்கள். அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பந்தை உருட்டுவதற்கு என்றே ஒதுக்கப்பட்டவை. அதாவது சரி பாதி!

ஆகவே உருட்டப் பழகினாலே பாதி ஆட்டம் பழகியது போல. இதில் ஓங்கி வீசுவது இல்லை. தூணுக்கு அடி இல்லை. ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஆபத்து இல்லை. பேரனும் தாத்தாவும் சேர்ந்தே ஆடலாம். முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு இதுவே போதும்.

உருட்டும் விரிப்பு வாங்க

விரிப்பைக் கடையில் முழுவதும் விரிக்கச் சொல்லுங்கள். மடிப்பு விழுந்த விரிப்பு வேண்டாம். மடிப்பு இருக்கும் இடத்தில் பந்து குதித்து விலகும். மடித்து விற்பதை விடச் சுருட்டி விற்பது மேல்.

மட்டையே இல்லாமல், கையால் பந்தை உருட்டிப் பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை. இரண்டு முறையும் நேராக ஓட வேண்டும்.

குழி சரியான அளவு தானா என்று பாருங்கள். பெரிய குழியில் போட்டுப் பழகினால், மைதானத்தில் கை ஏமாற்றி விடும்.

அடிப்பக்கம் ரப்பராக இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் வழுவழுப்பானது. வெறும் துணி அடி என்றால் விரிப்பு வழுக்கும்.

வீட்டில் எங்கே போடுவது? முற்றத்தில் போட வேண்டாம். மழைத் தண்ணீர் வடிவதற்காக அங்கே தரையில் வாட்டம் விட்டிருப்பார்கள். பந்து தானாக ஒரு பக்கம் ஓடும். குறை உங்கள் கையில் என்று நினைத்துக் குழம்பிப் போவீர்கள்! தாழ்வாரம்தான் ஏற்ற இடம்.

பொய் சொல்லும் விரிப்பு

"ஓங்கி அடித்துத்தான் பழக வேண்டும்" என்கிறவர்கள் இரண்டாவது வகையை வாங்குவார்கள். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும்.

புல்வெளியில் ஒருவர் தவறாக அடித்தால் என்ன ஆகும்? பந்துக்கு முன்னால் மட்டை மண்ணில் இறங்கும். மண் பெயரும். பந்து பக்கத்திலேயே விழும். "தவறு செய்தாய்" என்று மண் சொல்லி விடும்.

கெட்டியான விரிப்பில் அதே தவறைச் செய்தால், மட்டை இறங்காது. வழுக்கிக் கொண்டு போய்ப் பந்தை அடித்து விடும். பந்து அழகாகப் பறக்கும். "ஆகா, நன்றாக அடித்தேன்!" என்று மனம் மகிழும்.

அது பொய். அந்தப் பொய்யை நம்பி ஆறு மாதம் பழகினால், ஆறு மாதமும் தவறையே பழகியது ஆகும்.

அதுமட்டும் அல்ல. மண் வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியைக் கல் தரை வாங்கிக்கொள்ளாது. அது மட்டை வழியாகத் திரும்பிக் கைக்கு ஏறும். ஒரு நாள் தெரியாது. பத்து நாளில் மணிக்கட்டு வலிக்கும். முழங்கையின் உட்புறம் குத்தும். இந்த முழங்கை வலிக்கு மருத்துவர்கள் கோல்ப் ஆட்டக்காரரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்!

சுவர் இருந்தால்தான் சித்திரம். வலி கண்டால் உடனே நிறுத்துங்கள். சில நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதே விரிப்பில் தொடர்ந்து அடித்தால் வலி முற்றும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

அடிக்கும் விரிப்பு வாங்கும்போது இவற்றைச் செய்து பாருங்கள்:

1. விரல் முட்டியால் ஓங்கி அழுத்துங்கள். அடியில் உள்ள தரை முட்டியில் தட்டினால், அந்த விரிப்பு வேண்டாம். கல் தரையில் போடுவதானால், புல்லும் அடி மெத்தையும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

2. அழுத்திய கையை எடுத்ததும் பள்ளம் எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பாத மெத்தை சீக்கிரம் சப்பையாகி விடும்.

3. புல்லைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். அது திரும்ப நிமிர வேண்டும்.

4. புல் எதனால் ஆனது என்று கேளுங்கள். நைலான் என்றால் உராய்வுச் சூட்டைத் தாங்கும். மலிவான பிளாஸ்டிக் நார் உருகி, மட்டையில் பச்சைக் கறையாக ஒட்டும்.

5. நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு விரிப்பில் பந்து மட்டும் மேலே இருக்கும். ஆள் தரையில் நிற்பார். பந்து காலை விட ஓர் அங்குலம் உயர்ந்து விடும். அதற்கு ஏற்றபடி உடம்பு தவறாகப் பழகும். நாலு அடிச் சதுர விரிப்பு என்றால் ஆளும் பந்தும் ஒரே மட்டத்தில் இருக்கலாம். சிறியதுதான் வாங்க முடியும் என்றால், நிற்கும் இடத்தில் அதே கனத்தில் ரப்பர் பலகை போட்டுக் கொள்ளுங்கள்.

இணையக் கடையில் வாங்குகிறவர்கள் அழுத்திப் பார்க்க முடியாது. ஆகவே கனம் எவ்வளவு, நார் என்ன, பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் பணம் கட்ட வேண்டாம்.

பந்து விளையாட்டு அல்ல!

கோல்ப் பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவுதான். ஆனால் உள்ளே கெட்டி. பெரிய ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 250 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும்! தூணில் பட்டால் வேகமாக முகத்துக்குத் திரும்பக் கூடும்.

ஆகவே வீட்டுக்குள் உண்மைப் பந்தை ஓங்கி அடிக்கவே கூடாது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தோ, பஞ்சு போன்ற மெத்துப் பந்தோ போதும்.

அடிக்கும் முன், மட்டை நீளத்துக்கு ஒரு கம்பை எடுத்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். தூண், உத்தரம், தொங்கும் விளக்கு, கொடிக்கயிறு எதிலும் படக் கூடாது. பட்டால் அது அடிக்கும் இடம் அல்ல. கொல்லைப்புறம் போய் விடுங்கள். குழந்தைகளைப் பின்பக்கமும் நிற்க விடாதீர்கள். மட்டை முன்னால் போவதைப் போலவே பின்னாலும் வரும்.

வெயிலில் போடாதீர்கள்

பயிற்சி முடிந்ததும் விரிப்பை எடுத்து விடுங்கள். நம் ஊர் வெயிலில் நாள் முழுவதும் கிடந்தால் நார் நொறுங்கும். அடி மெத்தை இறுகும். ஈரத்தோடு சுருட்டினால் நாற்றம் அடிக்கும். ரப்பர் அடி மாதக் கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்தால், பூக்கல்லில் கறை படியவும் கூடும். தென்னந் துடைப்பத்தால் பெருக்கி, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைத்தால் பல நாள் உழைக்கும்.

செலவு வேண்டாம் என்றால்?

இந்த ஆசை நீடிக்குமா என்று தெரியாத போதே பெரிய பணம் போட வேண்டாம்.

சிவகங்கை மாவட்டத்திலேயே சிங்கம்புணரி இருக்கிறது. தென்னை நார்க் கயிற்றுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். கனமான தென்னை நார்க் கால்மிதி ஒன்றைக் கொல்லைப்புற மண் தரையில் போடுங்கள். பந்து வைக்காமல், மட்டை அதன் நுனியை மட்டும் உரசிப் போகும்படி மெதுவாக வீசிப் பழகுங்கள். உரசும் சத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கேட்டால் கை சரியாகப் பழகுகிறது என்று அர்த்தம்.

மூன்று மாதம் இப்படிப் பழகிய பிறகும் ஆசை குறையவில்லையா? அப்போது நல்ல விரிப்பு வாங்கலாம். வாங்கும்போது பச்சை நிறத்தைப் பார்த்து மயங்காமல், விரல் முட்டியால் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். முட்டிக்கு வலித்தால் மணிக்கட்டுக்கும் வலிக்கும். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்!