சங்கரன்கோவில் தாண்டினால் தெரியும் சங்கதி!

பஸ்சில் காலையில் ஏறினால் மத்தியானம் திருச்செந்தூர் கடற்கரை. நடந்து போனால் 4 நாள்!

தை மாதம் பிறந்தால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்த 4 நாள் நடைதான் பேச்சு. மில் தொழிலாளி, கடைப் பையன், கிளார்க் என்று கூட்டாளிகள் கோஷ்டி கோஷ்டியாகக் கிளம்புவார்கள். இடுப்பில் பச்சை வேட்டி, தோளில் ஒரு பை, தலையில் துண்டு. தைப்பூசத்துக்கு முருகன் சன்னதியில் நிற்க வேண்டும்.

ராஜபாளையத்தில் இருந்து சங்கரன்கோவில், நெல்லை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இன்னும் 12 கிலோமீட்டர் கூடுதல். 2021 முதல் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. அது ஒரு நாள்தான். மீதி லீவை முதலாளியிடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்!

கல்லாகும் தொடை

முதல் நாள் கல்யாண ஊர்வலம் மாதிரி. பாட்டு, கேலி, அரோகரா கோஷம். "இதென்ன பிரமாதம்? கன்னியாகுமரி வரைக்கும் போகலாமே!" என்று ஒருவர் சவால் விடுவார்.

ராத்திரி சங்கரன்கோவிலில் படுத்து, மறுநாள் எழுந்திருக்கும்போதுதான் சங்கதி தெரியும். தொடை கல்லாகக் கிடக்கும். சவால் விட்டவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்!

அந்தப் பகல்தான் சோதனை. பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் என்று நெல்லை வரை 50 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நிழல் குறைவு. தை மாதம் என்றாலும் உச்சி வேளையில் தார் ரோடு சுடும். வெறுங்காலோடு வருகிறவர்கள் ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தேடித் தேடி மிதிப்பார்கள். வெள்ளை பெயிண்டில் சூடு கொஞ்சம் குறைவு.

கொப்புளத்தைக் குத்தாதே!

வியர்வையில் ஊறிய தோல் உரசி உரசிக் கொப்புளமாகக் கிளம்பும். உள்ளே இருக்கும் நீர்தான் அடியில் உள்ள பச்சைத் தோலுக்குப் பாதுகாப்பு. ஊசியால் குத்தி உரித்தால் சீழ் பிடிக்கும். சுத்தமான துணியைச் சுற்றிக் கட்டுவதே மேல்.

துணிக்கா பஞ்சம்? ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெசவுக்குப் பேர் போன ஊர் ஆயிற்றே!

சர்க்கரை வியாதிக்காரருக்குக் கூடுதல் கவனம் தேவை. நாள்பட்ட வியாதியில் பாதம் மரத்துப் போயிருக்கும். முள் ஏறினாலும் தெரியாது. உட்காரும் இடத்தில் எல்லாம் கூட்டாளிதான் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட மோர் நல்லது. வெயிலில் ஒருவருக்குத் தலை சுற்றி, பேச்சு குழறினால், "சாமி வந்திருச்சு" என்று சும்மா இருக்கக் கூடாது. நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, உடனே 108-க்குப் போன் போட வேண்டும்.

ராத்திரி ஆபத்து

வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடப்பவர்கள் உண்டு. பூசம் நெருங்க நெருங்க நிலா வெளிச்சம் கிடைக்கும். நடக்கிறவருக்கு ரோடு தெரியும். ஆனால் லாரிக்காரருக்கு நடக்கிறவர் தெரிய மாட்டார்! பச்சை வேட்டி இருட்டில் கறுப்பாகத்தான் தெரியும்.

ஆகவே முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் வேண்டும். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஒற்றை வரிசையில் போக வேண்டும். தூங்கி வழியும் டிரைவரும் தூக்கத்தில் நடக்கிறவரும் ஒரே ரோட்டில் சந்திக்கும் பின்னிரவு நேரம்தான் பொல்லாதது. அந்த நேரத்தில் படுத்துத் தூங்குவதே புத்திசாலித்தனம்.

கடைசியில் யார்?

பழகின கோஷ்டியில் திடமான ஆளை முன்னால் விட மாட்டார்கள். கடைசியில்தான் விடுவார்கள். மெதுவாக நடப்பவர் முன்னே. அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

"நீங்க போங்கண்ணே, நான் பின்னாலேயே வர்றேன்" என்று ஒரு தம்பி சொன்னால் உஷார்! தனியாகப் பின்தங்குகிறவரைத்தான் வெயிலும் வண்டியும் பிடிக்கும்.

"விட்டுட்டுப் போறதுக்கா சேர்ந்து வந்தோம்? உட்காருடா, ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அப்படியும் முடியாவிட்டால், துணைக்கு ஒருவரோடு பஸ் ஏற்றி விட வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

நெல்லையில் தாமிரபரணியில் இறங்கினால் பாதி வலி போச்சு. அப்புறம் செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று வாழையும் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆண்டாள் ஊர்க்காரர்கள் நம்மாழ்வார் ஊரைக் கடந்து முருகன் ஊருக்குப் போகிறார்கள்!

கடைசியில் கோபுரம். அதற்கு அப்பால் கடல். அலையில் கால் வைத்ததும் உப்புத் தண்ணீர் கொப்புளத்தில் சுரீர் என்று ஏறும். யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். தலையை எண்ணிக்கொண்டு இருப்பார்கள்.

கிளம்பினது 11 பேர். கரையில் நிற்பதும் 11 பேர்.

அரோகரா!