கணினிக்குப் பாடமான கண் படங்கள்!

உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டிக்கு சர்க்கரை நோய் இருக்கிறதா குழந்தைகளே?

சர்க்கரை நோய் நெடுநாள் இருந்தால், கண்ணுக்குள் பின்புறம் உள்ள விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் பழுதாகி, கசியத் துவங்கும். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் மங்காது. அதனால், ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்கின்றனர் டாக்டர்கள்.

ஆனால், கிராமம் கிராமமாக எடுக்கும் விழித்திரைப் படங்கள் அத்தனையையும் பார்க்க டாக்டர்களுக்கு நேரம் ஏது? கணினியைத் துணைக்கு அழைக்க நினைத்தது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976ல் டாக்டர் கோ.வெங்கடசாமி, 11 படுக்கைகளுடன் துவக்கினாரே, அதே மருத்துவமனைதான்!

கணினிக்கு நோயைப் பற்றி ஒன்றுமே தெரியாது. படத்தையும் காட்டி, விடையையும் நாம்தான் சொல்ல வேண்டும். அதற்காக, பணியாளர்கள் கிராமங்களுக்குச் சென்று எடுத்த படங்களை டாக்டர்கள் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தனர். நோய் இல்லை என்றால் 0. மிகவும் முற்றியிருந்தால் 4. பரீட்சையில் சைபர் வாங்கினால் திட்டு விழும். இங்கே சைபர்தான் சந்தோஷம்!

இந்தப் படங்களை வைத்து, 2019ல் 'கேகிள்' என்ற இணையதளத்தில் உலக அளவில் போட்டி நடந்தது. பயிற்சிக்குக் கொடுத்தவை 3,662 படங்கள். அவற்றில் 0 பெற்றவை 1,805. கடுமையான நிலையான 3 பெற்றவையோ 193 மட்டுமே.

இதில்தான் ஒரு சிக்கல். சோம்பேறிக் கணினி ஒன்று, எல்லாப் படத்துக்கும் 0 என்றே சொல்கிறது என்று வையுங்கள். ஏறக்குறைய பாதி விடை சரியாகிவிடும்! ஆனால், நோயாளி ஒருவரைக்கூட அது கண்டுபிடித்திருக்காது.

அதனால் மதிப்பெண் போடுவதில் ஒரு தந்திரம் செய்தனர். 4 என்பதை 3 என்று சொன்னால், ஒரு படிதான் தவறு. தண்டனை 1 பங்கு. அதையே 0 என்று சொன்னால் நான்கு படி தவறு. தண்டனை 4 பங்கு அல்ல. 4 பெருக்கல் 4, அதாவது 16 பங்கு! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

சில படங்கள் இருட்டாகவும், சில மங்கலாகவும் இருந்தன. அவற்றையும் விட்டுவைத்தனர். பல இடங்களில், பலவகை கேமராக்களில் எடுத்தால் படம் அப்படித்தானே வரும்? நல்ல படங்களை மட்டுமே பார்த்துப் பழகிய கணினி, கிராமத்து முகாமில் திணறிப் போகும்.

படங்களில் நோயாளியின் பெயர், ஊர் எதுவும் கிடையாது. எண்ணும் எழுத்தும் கலந்த 12 இலக்கக் குறியீடு மட்டுமே. போட்டியாளர்களைச் சோதிக்க வைத்திருந்த படங்களுக்கு, டாக்டர்கள் கொடுத்த எண்ணையும் ஒளித்து வைத்துவிட்டனர்.